ஆறினால் ஓடும் வண்டி

ஓடும்போது இருப்பதைவிட, ஓட்டத்தை நிறுத்திய பிறகுதான் காரின் பானெட்டுக்குள் சூடு கூடுகிறது. எஞ்சின் ஓடும்வரை தண்ணீர் பம்ப் சுழல்கிறது, ரேடியேட்டர் வழியே காற்று பாய்கிறது, டாங்கிலிருந்து வரும் பெட்ரோல்கூடத் தான் போகும் குழாயைக் கொஞ்சம் ஆற்றிக்கொண்டே போகிறது. சாவியைத் திருப்பியதும் இத்தனையும் ஒரே நொடியில் நின்றுவிடுகின்றன. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அப்போதும் சில நூறு டிகிரியில் இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டும் பிளாக்கும் பெரிய உலோகப் பாளங்கள். வாங்கிய வெப்பத்தை அவை லேசில் விடுவதில்லை. அந்த வெப்பம் மெல்லப் பரவி, அதுவரை ஓரளவு குளிர்ந்திருந்த பெட்ரோல் குழாய், காயில், சென்சார், செல்ஃப் மோட்டார் எல்லாவற்றிலும் ஏறுகிறது. முதல் இருபது, முப்பது நிமிடங்களுக்கு ஏறுமுகம். அதற்குப் பிறகுதான் இறங்குமுகம்.

பொறியாளர்கள் இதை ஹாட் சோக் என்பார்கள். இதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. புதிய பெட்ரோல் காருக்கு அனுமதி தருவதற்கு முன், ஓடிச் சூடான வண்டியை மூடிய அறையில் ஒரு மணி நேரம் நிறுத்தி, அதிலிருந்து எவ்வளவு பெட்ரோல் ஆவியாகக் கசிகிறது என்று அளக்கிறார்கள். அதோடு ஒரு நாள் முழுக்க நிற்கும்போது கசிவதையும் சேர்த்து 2 கிராமுக்கு மேல் போகக்கூடாது.

கோவளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஏறுமுக நேரத்துக்குத்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். தர்காவில் ஒரு துவா, கார்மேல் மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி, இல்லையென்றால் கடற்கரையில் வறுத்த மீன் ஒரு தட்டு. எதற்கும் அரை மணி நேரம் போதும். சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை என்றால் உத்தண்டி சுங்கச்சாவடி வரை ஊர்ந்து, ஏ.சி.யை முழுதாக வைத்துக்கொண்டு முட்டுக்காடு பாலத்தைக் கடந்து வந்திருப்பார்கள். மே மாதம் என்றால் கடல் காற்று எப்போது கரையேறும் என்பதைப் பொறுத்துத்தான் வெயிலின் அளவு. காற்று தாமதித்த நாட்களில் சென்னை எவ்வளவு கொதிக்கும் என்பதற்கு 2003 மே 31 சாட்சி: நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. அப்படி ஒரு பகலில் சாவியைத் திருப்பினால், ‘செல்ஃப் நல்லா சுத்துது, வண்டி புடிக்க மாட்டேங்குது’ என்ற நிலை.

பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பேட்டரி, பிளக், பெட்ரோலில் தண்ணீர். இளநீர் குடித்து, நிழலில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் சாவியைப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பிவிடும். திங்கட்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப்பில் ‘அண்ணே, நேத்து ஸ்டார்ட்டே ஆகல’ என்று சொன்னால், மெக்கானிக் பத்து முறை சாவியைத் திருப்பிக் காட்டுவார். பத்து முறையும் ஓடும். பிறகு ஊகத்தில் பிளக் மாறும், ஃபில்டர் மாறும், பில் ஏறும். அடுத்த ஞாயிறு கோவளத்தில் மறுபடி அதே கதை.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்றால், பெரும்பாலும் எதுவும் முழுதாக உடைந்திருப்பதில்லை. ஒரு பாகம் 40 டிகிரியில் ஒழுங்காக வேலை செய்கிறது, 90 டிகிரியில் செய்வதில்லை. வெப்பம் அதைக் கெடுக்கவில்லை. ஏற்கெனவே நலிந்திருந்த ஒன்றை வெளியே காட்டுகிறது. வண்டி முழுவதையும் ஆற விட்டால் அந்தச் சாட்சியும் சேர்ந்து ஆறிவிடும். ஒரே ஒரு பாகத்தை மட்டும் ஆற வைத்துப் பார்த்தால் அதுவே சோதனை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும்.

நம் ஊர் மெக்கானிக்குகள் இதை எந்தப் புத்தகமும் இல்லாமல் அறிந்திருந்தார்கள். 1958 முதல் 2014 வரை சாலையில் இறங்கிய அம்பாசடரின் பழைய பெட்ரோல் மாடல்களில், எஞ்சினின் பக்கவாட்டில் ஏ.சி. பம்ப் என்று அவர்கள் அழைத்த ஒரு சின்ன பெட்ரோல் பம்ப் இருக்கும். எஞ்சின் சுழலும் விசையிலேயே அதுவும் இயங்கும். கோடையில் வண்டி நின்றால், டிரைவர் பானெட்டைத் திறந்து அந்த பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றுவார். சில நிமிடங்களில் வண்டி ஓடினால் கோளாறு பெட்ரோல் பக்கம். ஓடாவிட்டால் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில் பக்கம் போவார். ஒன்றை மாற்று, மற்றதை அப்படியே வை, விளைவைப் பார் என்று எந்த ஆய்வகத்திலும் சொல்லித்தரும் முறைதான் இது.

அந்த ஈரத் துணி ஏன் பலித்தது? பெட்ரோல் ஒரே பொருளால் ஆனதல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் மிக இலேசானவை 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமானவை 200 டிகிரியை ஒட்டிப் போகும். அம்பாசடரின் பம்ப் எஞ்சினில் இருந்தது, டாங்கோ வண்டியின் பின்னால். இடையில் உள்ள குழாய் முழுவதும் பெட்ரோலை உறிஞ்சித்தான் இழுக்க வேண்டும். உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். சூடான பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிக் குமிழியாக நின்றுவிட்டால், பம்பின் டயாஃப்ரம் அந்த ஆவியையே அமுக்கி அமுக்கி விடும். திரவம் நகராது. இதைத்தான் மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்றார்கள். உண்மையில் அது காற்றல்ல, பெட்ரோலின் ஆவி.

கார்புரேட்டரில் இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. அதன் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் கொதித்து, ஜெட் வழியே எஞ்சினுக்குள் வழிந்துவிடும். முதலில் சொன்னதில் பெட்ரோல் பற்றாக்குறை, இதில் மிகை. இரண்டிலும் வண்டி ஓடாது. முகர்ந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

1998-இல் வந்த ஹூண்டாய் சான்ட்ரோ போன்ற கார்களோடு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பரவியது. 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகியதும் கார்புரேட்டர் கார்களிலிருந்து விடைபெற்றது. பெட்ரோல் பம்ப் டாங்குக்குள் போனது. இழுப்பது போய்த் தள்ளுவது வந்தது. தள்ளும் அழுத்தம் பொதுவாக 3 பார் அல்லது அதற்குச் சற்று மேல். பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாங்குவதுபோல, அந்த அழுத்தத்தில் பெட்ரோலும் கொதிக்காமல் தாங்குகிறது. அதனால்தான் இந்தத் தலைமுறை டிரைவர்களுக்கு ஈரத் துணி தெரியாது.

ஆனால் குக்கரின் வெயிட்டைத் தூக்கினால்? டாங்கில் உள்ள பம்பில் ஒரு சிறு ஒருவழி வால்வு இருக்கிறது. எஞ்சின் அணைந்த பிறகும் குழாயில் அழுத்தம் இறங்காமல் காப்பது அதன் வேலை. அது தேய்ந்தால் பெட்ரோல் டாங்குக்கே வழிந்துவிடும், அழுத்தம் விழும், எஞ்சின் மேல் இருந்து இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் ரெயில் என்ற குழாயில் மிச்சமுள்ள பெட்ரோல் ஆவியாகும். அடுத்த முறை செல்ஃப் அடிக்கும்போது இன்ஜெக்டர் தெளிப்பது பாதி ஆவி. வீட்டு வாசலில் காலையில் இது தெரியாது, ஏனென்றால் குளிர்ந்த குழாயில் ஆவி இல்லை. பம்ப் இரண்டு நொடி ஓடினால் அழுத்தம் வந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சாவியை ஆன் நிலையில் வைத்து, செல்ஃப் அடிக்காமல், பின் சீட்டுக்கு அடியிலிருந்து வரும் ‘ஙொய்ங்’ ஒலியைக் கேளுங்கள். இரண்டு மூன்று நொடியில் அது நிற்கும். ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்து, பிறகு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடித்துக்கொள்கிறதா? அப்படியானால் சந்தேகம் முழுக்க அழுத்தம் இறங்குவதன் மேல். மெக்கானிக் ரெயிலில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் உறுதியாகிவிடும்.

இங்கே எத்தனாலைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும். அப்படியென்றால் கலவை ஆவியாவது குறைய வேண்டும் என்று தோன்றும். நடப்பது வேறு. எத்தனால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையவை. பெட்ரோலில் கொஞ்சமாகக் கலந்து அவற்றைப் பிரித்துவிட்டால் அந்தப் பிடி தளர்ந்து, கலவையின் ஆவி அழுத்தம் ஏறுகிறது. 10 சதவீதக் கலவையில் ஏற்றம் சுமார் 7 கிலோபாஸ்கல். 20 சதவீதத்தில் அதைவிடச் சற்றுக் குறைவு. சுத்திகரிப்பு ஆலை அடிப்படைப் பெட்ரோலில் இலேசான பங்கைக் குறைத்து இதை ஈடுகட்டலாம். நல்ல நிலையில் உள்ள இன்ஜெக்‌ஷன் காருக்கு இதனால் தொல்லை வராது என்பது என் கருத்து. எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கார்புரேட்டர் வண்டியைப் பாசத்தோடு வைத்திருப்பவர்கள் மட்டும் கவலைப்படலாம்.

பெட்ரோல் வருகிறது, செல்ஃப் சுற்றுகிறது, அப்படியும் பிடிக்கவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது டாஷ்போர்டில் உள்ள ஆர்.பி.எம். முள். செல்ஃப் சுற்றும்போது அது பூஜ்யத்தைவிட்டு ஒரு நூலளவாவது எழ வேண்டும். பல வண்டிகளில், அது செத்த மாதிரி கிடந்தால், கிராங்க் சென்சார் பேசவில்லை என்று பொருள். எஞ்சின் சுழல்கிறதா, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சார்தான். அது மௌனமானால் ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோல் தெளிப்பும் இல்லை.

பல வண்டிகளில் அது தலைமுடியளவு செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய ஒரு சுருள். எஞ்சினின் அடிப்பகுதியில், நல்ல சூட்டில் இருக்கிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 800 ஓம் காட்டும் சுருள் 100 டிகிரியில் ஏறத்தாழ 1,050 ஓம் காட்டும். இது இயல்பான ஏற்றம், இதற்கு வண்டி நிற்காது. ஆனால் நலிந்த சுருளில், ஆண்டுக்கணக்கில் சூடாகியும் ஆறியும் எங்கோ ஓரிடத்தில் கம்பி விரிசல் விட்டிருக்கும். குளிரில் அந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரிவு அவற்றைப் பிரிக்கும். அப்போது மீட்டர் காட்டுவது 1,050 அல்ல, முடிவிலி. அரை மணி ஆறினால் மறுபடி 800. ஆறிய வண்டியில் மீட்டரை வைத்து ‘சென்சார் நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்ன மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது நன்றாகத்தான் இருந்தது.

சோதனை பழைய ஈரத் துணிதான், இடம் மட்டும் வேறு. நின்ற நிலையிலேயே சென்சார் மேல் நனைத்த துணியை ஒற்றி, இணைப்புப் பிளக்கில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் முயலுங்கள். வண்டி பிடித்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் இதைத் தலைகீழாகவும் செய்யலாம்: ஆறிய வண்டியில் சென்சாரை மட்டும் முடி உலர்த்தும் ஹீட்டரால் சூடாக்குவது. எதைச் சூடாக்கினால் வண்டி நிற்கிறதோ அதுதான். ஸ்கேனரில் பி0335 என்ற குறி வந்திருந்தால் நல்லது, வராமலும் போகலாம். ஸ்கேனரை மட்டும் நம்பி, ‘எர்ரர் ஏதும் இல்ல சார்’ என்று அனுப்பிவிடுவது இன்றைய பெரிய ஒர்க்‌ஷாப்புகளின் சோம்பல்.

வெப்பத்தில் மயங்கும் மின்னணுப் பாகம் ஒரு பெரிய வழக்காகவே மாறியதுண்டு. கோவளம் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், மறைமலை நகரில், 2022 வரை கார் செய்த ஃபோர்டு நிறுவனத்தின் அமெரிக்கக் கதை அது. 1980-களிலும் 90-களின் முற்பகுதியிலும் அதன் பல மாடல்களில் இக்னிஷன் மாட்யூலை எஞ்சின் மேல் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலேயே பொருத்தியிருந்தார்கள். அந்தச் சூட்டில் மாட்யூல் வேலையை நிறுத்த, ஓடும் வண்டி நின்றுவிடும், ஆறும்வரை ஸ்டார்ட் ஆகாது என்று உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2000-இல் கலிஃபோர்னியா நீதிபதி மைக்கேல் பாலச்சி சுமார் 17 லட்சம் கார்களைத் திரும்பப் பெற உத்தரவிட்டார்; மறு ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. மறைமலை நகர் கார்களில் அந்த மாட்யூல் கிடையாது. ஒரு பாகத்தை எங்கே வைப்பது என்ற வடிவமைப்பு முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதுவரை பேசியது எஞ்சினின் வெப்பம். வெயிலின் வெப்பம் வேறு கணக்கு. 1980, 90-களின் ஹோண்டா கார்களில் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு மெயின் ரிலே இருந்தது. பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போவது அதன் வழியாக. அதன் சால்டரிங்கில் மயிரிழை விரிசல்கள் விழும். நண்பகலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்திய காரின் உட்புறம் சூடேறியதும் இணைப்பு விட்டுப்போகும். எஞ்சின் ஆறியிருந்தாலும் வண்டி ஓடாது. கதவுகளைத் திறந்து வைத்து உள்ளே காற்றாட விட்டால் ஓடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: எஞ்சின் சூடாக இருக்கும்போது நிற்கிறதா, காரின் உட்புறம் சூடாக இருக்கும்போது நிற்கிறதா? சாயங்காலம் ஏழு மணிக்குக் கோவளம் வந்து அரை மணியில் கிளம்பும்போதும் நின்றால் வெயிலுக்குத் தொடர்பில்லை. காலையிலிருந்து வெயிலில் கிடந்து, எஞ்சின் ஆறிய பிறகு நின்றால் சந்தேகம் உட்புறத்தின் மேல்.

செல்ஃபே எடுக்கவில்லை, ‘டக்’ என்ற ஒற்றை ஒலியோடு நின்றுவிடுகிறது என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது பேட்டரி, வயர், செல்ஃப் மோட்டார் விவகாரம். இங்கே கடற்கரை தன் பங்கைச் செய்கிறது. அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் உப்பைக் கரையோரம் தூவிக்கொண்டே இருக்கின்றன. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும்; உலோகம் அரிக்க அது போதும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் என்ற கடலோர ஊரில் ஒரு நிலையம் வைத்துக் கடலோர அரிப்பை ஆராய்வது இதற்காகத்தான். கடலிலிருந்து சில நூறு மீட்டர் விலகினாலே பாதிப்பு வெகுவாகக் குறையும். கோவளத்தில் நிரந்தரமாக வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த விலகல் கிடைப்பதில்லை.

எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தில் கொஞ்சம் துரு. மின்தடை வெறும் 0.02 ஓம். ஹார்னுக்கோ விளக்குக்கோ இது பொருட்டே அல்ல. ஆனால் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும், 0.02-ஐ 150-ஆல் பெருக்கினால் 3 வோல்ட். 12 வோல்ட்டில் 3 அந்தத் துருவிலேயே எரிந்துபோகிறது. குளிர்ந்த செல்ஃப் மிச்சத்தை வைத்துச் சமாளிக்கும். சூடான செல்ஃபின் சொலினாய்டுச் சுருளில் தடை முப்பது சதவீதம் ஏறியிருக்க, இழுப்பு விசை போதாமல் ‘டக்’கோடு நின்றுவிடும். இரண்டு குறைகளும் தனித்தனியே தாங்கக்கூடியவை, சேர்ந்தால் தாங்காது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே வோல்ட்மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், புது செல்ஃப் மோட்டார் வாங்கும் முன் உப்புத்தாள் எடுத்து எர்த்தைத் தேய்த்துப் பாருங்கள். கியர் வண்டியைத் தள்ளிவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்பதும் இதே பக்கம் கைகாட்டும் சாட்சி.

செல்ஃப் சுற்றியும் பிடிக்காமல், பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் பெட்ரோல் மிகை. காரணம் ஒழுகும் இன்ஜெக்டராக இருக்கலாம். எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சார் தவறாகக் குளிர் என்று சொல்வதாலும் இருக்கலாம். அந்தச் சென்சாரின் தடை சூட்டில் குறையும்: 20 டிகிரியில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓம், 80-இல் முந்நூறு சொச்சம். இணைப்பில் துரு ஏறித் தடை கூடினால் கொதிக்கும் எஞ்சினையும் கம்ப்யூட்டர் மார்கழி எஞ்சின் என்று நம்பி பெட்ரோலைக் கொட்டும். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் தெளிப்பு நின்று, உள்ளே தேங்கியது வெளியேறும். பெட்ரோல் போட்ட உடனே மட்டும் ஸ்டார்ட் ஆகத் தயங்குகிறது என்றால் பர்ஜ் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். டாங்கின் ஆவியைச் சேமிக்கும் கரிப்பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் அந்த வால்வு திறந்தே நின்றுவிட்டால், புதிதாக நிரப்பிய டாங்கின் ஆவி முழுவதும் எஞ்சினுக்குள் போகும். விளிம்பு வரை நிரப்பச் சொல்லும் பழக்கம் அந்தக் கரிப்பெட்டியை நனைத்துக் கெடுக்கிறது.

டீசல் வண்டிக்கு ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோல் ஆவியும் இல்லை. அங்கே கதை கசிவுதான். சூடான டீசல் நீர்த்துப்போகும். தேய்ந்த பம்பின் இடுக்குகளில் அது நழுவிவிட, செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் வேண்டிய அழுத்தம் ஏறாது. காமன் ரெயில் எஞ்சின் பிடிக்கவே சுமார் 200 பார் வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பிப் போகும் டீசலைத் தனித்தனிக் குப்பியில் பிடித்தால் எது அதிகம் கசிகிறது என்று தெரிந்துவிடும். பழைய வண்டிகளில் பம்பின் மேல் தண்ணீர்த் துணி போட்டதும் ஓடினால் பம்ப் தேய்ந்துவிட்டது. மறுபடி அதே துணி.

எச்சரிக்கை மூன்று. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டு நின்ற வண்டி இந்த அத்தியாயத்தில் சேராது. அதில் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கையும் முகமும் வெந்துபோகும். அதேபோல, பதற்றத்தில் எஞ்சின் மேலும் எக்ஸாஸ்ட் மேலும் வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு வெடிக்கும். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்ப்பதும் வேண்டாம்.

ஆகவே அடுத்த முறை கோவளத்தில் வண்டி நின்றால், ஆறுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள்: செல்ஃப் சுற்றியதா, பம்ப் ஒலித்ததா, முள் அசைந்ததா, வாடை அடித்ததா, நிறுத்தி எத்தனை நிமிடம் ஆயிற்று. இவற்றை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். முடிந்தால் வண்டியை அவரிடமே சூடாக ஓட்டிப் போய், நிறுத்தி, அரை மணி காத்திருந்து, அவர் கண் முன்னாலேயே அடம்பிடிக்க வையுங்கள். அதற்கு முன் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.